அரைத்து மறைப்பதா, அரைத்துப் பழக்குவதா?

சாப்பிட மறுக்கும் குழந்தை இல்லாத தெரு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம். ஒரு வீட்டில் தோசையைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை. அடுத்த வீட்டில், சாம்பாரிலிருந்து காயை மட்டும் விரலால் ஒதுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கிவைக்கும் பிள்ளை. அதற்கடுத்த வீட்டில், கைப்பேசியில் பாட்டு ஓடினால் மட்டுமே வாய் திறக்கும் பிள்ளை. இந்த அன்றாடப் போராட்டத்தில் பெற்றோருக்கு வாய்த்திருக்கும் வலுவான கூட்டாளி மிக்சி. பீட்ரூட்டை விழுதாக்கித் தோசை மாவில் கலந்துவிடலாம். கீரையை அரைத்துச் சப்பாத்தி மாவில் பிசைந்துவிடலாம். வேகவைத்த பூசணிக்காயைக் கூழாக்கிச் சாம்பாரில் கரைத்துவிடலாம். குழந்தைக்குத் தெரியாது, சத்து உள்ளே போய்விடும்.

எங்கள் வீட்டில் காலைச் சமையல் என் பொறுப்பு. ஏழு வயது மகனுக்கும் நான்கு வயது மகளுக்கும் நாள்தோறும் சமைப்பவன் என்ற முறையில், மிக்சியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சட்னி, பொடி, மாவு, மசாலா, மோர் என்று ஐந்தாறு வேலைகளை ஒரே இயந்திரம் செய்து தருகிறது. என் கேள்வி இயந்திரத்தைப் பற்றியது அல்ல. ‘குழந்தைக்குத் தெரியாது’ என்ற அந்தச் சொற்களைப் பற்றியது. காயை மறைத்து ஊட்டினால் இன்றைய வேளை கடந்துபோகும். ஆனால், அந்தக் காயைத் தானே எடுத்து உண்ணும் பழக்கம் எப்போது வரும்? மிக்சி உணவை ஒளித்துவைக்கவும் உதவும். படிப்படியாக உணவைப் பழக்கவும் உதவும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் மறுக்கிறார்கள்?

பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை, முதலாண்டு நிறைவில் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகிறது. அதாவது, ஓராண்டில் எடை மும்மடங்காகிறது. இந்த வேகம் பிறகு நீடிப்பதில்லை. இரண்டு வயதுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் எடை கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையும். நேற்றுவரை கிண்ணம் நிறையச் சாப்பிட்ட பிள்ளை இன்று நான்கு வாயோடு எழுந்துவிடுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். நாம் இதை நோயாகவோ பிடிவாதமாகவோ எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது காரணம், புதிய உணவின் மீதான அச்சம். ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இந்த அச்சம் உச்சத்தில் இருக்கும் என்று குழந்தை உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. நடக்கக் கற்ற குழந்தை, கண்ணில்படும் காய், இலை எல்லாவற்றையும் வாயில் போட்டால் ஆபத்து. ஆகவே, அறியாத பொருளைச் சந்தேகிப்பது மனித இனத்தின் பழைய தற்காப்பு என்று கருதப்படுகிறது. மூன்றாவது காரணம் கசப்பு. பெரியவர்களைவிடக் குழந்தைகள் கசப்பைக் கூர்மையாக உணர்கிறார்கள். இனிப்பைக் கூடுதலாக விரும்புகிறார்கள். கசப்பை உணரும் மரபணு ஒருவருக்கொருவர் வேறுபடுவதால், ஒரே வீட்டில் அண்ணன் சுண்டைக்காய் வற்றலைக் கேட்டு வாங்கித் தின்பதும், தங்கை பாகற்காயின் வாசனைக்கே முகம் சுளிப்பதும் இயல்பு.

இந்த அச்சம் கரையக்கூடியது என்பதுதான் நல்ல செய்தி. அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980-களில் தொடங்கிச் செய்த ஆய்வுகளும், அவற்றைத் தொடர்ந்து வந்தவையும் ஒரு முடிவைத் திரும்பத் திரும்ப உறுதிசெய்தன. புதிய உணவொன்றை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். நாமோ, இரண்டு மூன்று முறை மறுத்ததும் ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நான்காவது முறை அந்தக் காய் மிக்சிக்குப் போகிறது. பழகும் வாய்ப்பு அங்கேயே முடிந்துபோகிறது.

ஆட்டுக்கல்லிலிருந்து மிக்சிக்கு

நம் ஊர் மிக்சி வெளிநாட்டிலிருந்து அப்படியே வந்த பொருள் அல்ல. ஐரோப்பியச் சமையலறைக்காகச் செய்யப்பட்ட அரவைக் கருவிகளின் மோட்டார்கள் ஊறிய பருப்பையும் காய்ந்த மஞ்சளையும் தாங்கவில்லை. 1960-களில் மும்பையைச் சேர்ந்த பொறியாளர் சத்யபிரகாஷ் மாத்தூர் இந்தியச் சமையலுக்கென்றே வலுவான மோட்டாருடன் உருவாக்கிய ‘சுமீத்’, நாடெங்கும் மிக்சி என்ற சொல்லையே வீட்டுச்சொல்லாக்கியது. அதற்குச் சற்று முன்பே, 1955-இல், கோவையில் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கியிருந்தார். கோவை வெட் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் இவ்விரு கருவிகளையும் எளிய குடும்பங்களுக்குக் கொண்டுசேர்த்தது. அம்மியின் முன்னும் ஆட்டுக்கல்லின் முன்னும் பெண்கள் செலவழித்த மணிநேரங்களை நினைத்தால், இதைச் சிறிய மாற்றம் என்று சொல்ல முடியாது.

மிக்சியால் நேரம் மிஞ்சியது. ஆனால் ஒன்று கைநழுவியது. அது, பதம். கல்லில் அரைக்கும்போது பொருள் மெல்ல மெல்ல நசுங்கும். வேண்டிய இடத்தில் கை நின்றுவிடும். மிக்சியில் நிமிடத்துக்கு 18,000 சுற்றை ஒட்டிய வேகத்தில் சுழலும் கத்தி பொருளை வெட்டித் தள்ளுகிறது. கொரகொரப்புக்கும் விழுதுக்கும் இடையே சில விநாடிகளே இருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் எல்லாமே விழுதாகிவிடும்.

தமிழ்ச் சமையலறையின் சொற்களைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். மிளகை ஒன்றிரண்டாகத் தட்டுகிறோம். அடைக்குக் கொரகொரப்பாக அரைக்கிறோம். இட்லி அரிசியை ரவைப் பதத்தில் எடுக்கிறோம். குழம்புக்குத் தேங்காயை விழுதாக அரைக்கிறோம். கீரையை மத்தால் மசிக்கிறோம். பருப்பைக் குழைய வேகவைக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் நாக்குக்கும் பல்லுக்கும் வெவ்வேறு வேலையைத் தருகிறது. ஒரு குழந்தை மெல்லக் கற்பதற்கான ஏணி இந்தச் சொற்களிலேயே இருக்கிறது. ஏணியின் கீழ்ப்படியில், விழுதில், நிறுத்திவிடும் பழக்கத்தைத்தான் நான் ஐயுறுகிறேன்.

இது வெறும் பழமைப் பற்று அல்ல. மெல்லுதல் உறிஞ்சுதலைப் போலப் பிறவியிலேயே முழுமையாக வரும் திறன் அன்று, பழகிப் பெறுவது. மெல்லக் கற்பதற்கு உகந்த பருவம் ஒன்று உண்டு, அதைத் தவறவிட்டால் பிறகு திட உணவுக்குப் பழக்குவது கடினம் என்று பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ரொனால்ட் இல்லிங்வொர்த்தும் அவருடைய சக ஆய்வாளர் லிஸ்டரும் 1964-இலேயே எழுதினர். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த பெரும் ஆய்வின் தரவுகளை வைத்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டிகளுள்ள உணவைப் பெற்ற குழந்தைகள், ஏழு வயதில் காய்களையும் பழங்களையும் குறைவாக உண்டார்கள். உணவுச் சிக்கல்களும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன என்று அது கூறியது. ஆறு மாதத்தில் மசித்த உணவில் தொடங்கி, எட்டு மாத அளவில் கையில் பிடித்துத் தின்னும் உணவையும், ஓராண்டு நிறைவில் வீட்டார் உண்ணும் உணவையும் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆனால், மூன்று வயதுக் குழந்தைக்கும் சாம்பார் சாதத்தை மிக்சியில் ஒரு சுற்று சுற்றித் தரும் வீடுகளை நான் அறிவேன். சமைப்பவரின் அன்பில் குறையில்லை. குழந்தையின் பல்லுக்குத்தான் வேலை கிடைக்கவில்லை.

மறைப்பதில் என்ன தவறு?

மறைத்து ஊட்டுவதற்கு ஆதரவான வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் ஜெசிகா சைன்ஃபெல்டும் மிஸ்ஸி சேஸ் லாபைனும் தனித்தனியே எழுதிய இரு சமையல் நூல்கள், காய்கறிக் கூழைப் பிள்ளைகள் விரும்பும் பண்டங்களில் கலப்பதையே அடிப்படையாகக் கொண்டவை. இரண்டும் பரவலாக விற்பனையாயின. 2011-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் உணவில் காய்கறிக் கூழைக் கலந்து கொடுத்துச் சோதித்தனர். குழந்தைகள் உண்ட காய்கறியின் மொத்த அளவு கணிசமாகக் கூடியது. தனியே பரிமாறிய காய்கறியை உண்ணும் அளவும் அதனால் குறையவில்லை. ஆக, அரைத்துக் கலப்பதால் சத்து சேரும் என்பது உண்மை. காய்ச்சலிலிருந்து தேறிவரும் குழந்தைக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் இது உதவும்.

ஆனால், கூழாகக் கலந்துபோன காயின் சுவையையும் உருவத்தையும் குழந்தை அறிவதே இல்லை. இருபது நாள் பீட்ரூட் தோசை தின்ற பிள்ளைக்கு பீட்ரூட் பொரியல் இருபத்தோராம் நாளிலும் அந்நியப் பொருள்தான். உடல் சத்தைப் பெற்றுக்கொள்கிறது, பழக்கம் பிறக்கவில்லை. இன்னொரு சிக்கல், நம்பிக்கை தொடர்பானது. ஏற்கெனவே புதிய உணவைச் சந்தேகிக்கும் வயதில் இருக்கும் பிள்ளை, தனக்குப் பிடித்த தோசைக்குள் ஏதோ ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்து தோசையையும் சந்தேகிக்கும். உண்ணும் பண்டங்களின் பட்டியல் நீள்வதற்குப் பதிலாகச் சுருங்கும். “இதுல என்ன போட்டிருக்கீங்கப்பா?” என்று கேட்கும் குழந்தைக்கு “ஒண்ணும் இல்ல” என்பது பதிலாக இருக்கக் கூடாது.

நம்முடைய சமையல் மரபு இதற்கு ஓர் அழகான விடையை வைத்திருக்கிறது. நம் அளவுக்குக் காய்களை அரைத்தும் மசித்தும் உண்ணும் சமையல் மரபுகள் அதிகமில்லை. ஆனால், நாம் ஒருபோதும் ஒளித்ததில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையல், கத்தரிக்காய் கொத்சு, கீரை மசியல், கறிவேப்பிலைப் பொடி, கொத்தமல்லிச் சட்னி, பிரண்டைத் துவையல் என்று, அரைபட்ட பொருளின் பெயரே பண்டத்தின் பெயராக முன்னால் நிற்கிறது. காய் உருவத்தை இழக்கிறது, பெயரை இழப்பதில்லை. மறைப்பதற்கும் பழக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். காயை அரைக்கலாம்; அதன் பெயரையும் சேர்த்து அரைத்துவிடக் கூடாது.

படிப்படியாக ஒரு சமையல்

என் சமையலறையில் நான் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. அரைப்பதற்கு முன் காயைக் காட்டுகிறேன். ஜாரில் எடுத்துப் போடும் வேலையைப் பிள்ளைகளுக்கே தருகிறேன். மூடியை இறுக்குவதும் கத்தியைக் கழுவுவதும் என் வேலை. குமிழைத் திருப்புவதற்கு மகளின் கைமேல் என் கை. தான் போட்ட காய் நிறம் மாறிச் சுழல்வதைப் பார்த்த பிள்ளைக்கு, அந்தச் சட்னி அறியாத பொருளாக இருப்பதில்லை.

பீட்ரூட்டையே எடுத்துக்கொள்வோம். முதலில் வேகவைத்த பீட்ரூட் விழுது, தோசை மாவில் ஒரு கரண்டி. பெயர் ‘பீட்ரூட் தோசை’ என்று சொல்லித்தான் தட்டுக்கு வரும். சில நாள் கழித்து, விழுதுக்குப் பதில் மிக்சியின் விப்பரில் இரண்டு முறை விட்டுவிட்டுத் திருப்பிய கொரகொரப்பான பீட்ரூட். அடுத்து, மாவில் கலக்காமல், வெங்காயத்தைத் தூவுவதுபோல் தோசையின் மேல் துருவல். கடைசியில் தோசைக்குப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி பொரியல். இந்தப் பயணம் ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். மகன் இரண்டாம் படியிலிருந்து நேரே நான்காம் படிக்குத் தாவினான். மகள் இன்னும் மூன்றாம் படியில்தான் நிற்கிறாள். அவசரம் ஒன்றுமில்லை.

இந்த முறைக்கு மிகப் பொருத்தமான பண்டம் அடை. இட்லி அரிசியையும் கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, உளுந்து ஆகியவற்றையும் ஊறவைத்து, தண்ணீரைக் குறைத்து விட்டுவிட்டு அரைத்தால் கொரகொரப்பு நிற்கும். முருங்கைக்கீரையை அரைக்காமல், உருவிய இலையாகவே மாவில் கலக்க வேண்டும். வெந்த அடையில் பச்சை இலை கண்ணுக்குத் தெரியும். ஆனால் மொறுமொறுப்பு அதைத் தின்னவைக்கும். கூடவே ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் கிரகிக்கத் துணைசெய்யும்.

தாளிதத்திலிருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கி எறியும் பிள்ளைக்குக் கறிவேப்பிலைப் பொடி நல்ல நுழைவாயில். வறுத்த இலையும் பருப்பும் நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துப் பொடி கட்டியாகிவிடும். மிளகாயைப் பாதியாகக் குறைத்து, நெய்யோடு சூடான சோற்றில் பிசைந்தால் போதும். வேர்க்கடலை, பாதாம் போன்றவற்றை ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முழுதாகக் கொடுப்பது மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆபத்துள்ளது. இங்கே மட்டும் மிக்சியின் நைசான அரவைக்கு மாற்றில்லை. பொடியாகவோ சட்னியாகவோ தருவதே பாதுகாப்பு.

மிக்சியை நான் தவிர்க்கும் இடமும் ஒன்றுண்டு, அது பழம். மாதுளையையும் ஆரஞ்சையும் சாறாக்கி வடிகட்டும்போது நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. சாறிலுள்ள சர்க்கரையை, நாம் சேர்க்கும் சர்க்கரையோடு ஒரே வகையில் வைத்துக் குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூன்று ஆரஞ்சின் சாறை ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் குடித்துவிடும். மூன்று ஆரஞ்சைத் தின்ன அதன் வயிறு இடம் தராது. பல் முளைத்த குழந்தைக்குப் பழம் சுளையாகவும் துண்டாகவுமே போகட்டும். இன்னொரு எச்சரிக்கை: கொதிக்கும் பருப்பையோ சூப்பையோ மிக்சி ஜாரில் ஊற்றி மூடி ஓட்டக் கூடாது. ஆவி மூடியைத் தூக்கி எறியும். அடுப்பங்கரையில் குழந்தை நிற்கும்போது இது பெரும் ஆபத்து.

தட்டும் பந்தியும்

பதம் மட்டும் சரியானால் போதுமா? உண்ணும் சூழலும் சரியாக வேண்டும். அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் 1980-களில் முன்வைத்த ஒரு பொறுப்புப் பங்கீடு எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். கேட்பதற்கு எளிது, நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. எதைச் சமைப்பது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. எத்தனை வாய் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று திணிக்கப்படும் ஒவ்வொரு கவளமும், வயிறு நிறைந்ததை உணரும் குழந்தையின் இயல்பை மழுங்கடிக்கிறது. ‘கீரையைத் தின்றால் சாக்லேட்’ என்ற பேரமும் அப்படியே. கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்ற பாடத்தைத்தான் அது கற்றுத்தருகிறது.

பசியையும் கவனிக்க வேண்டும். காலையில் ஒரு டம்ளர் பால், பதினொரு மணிக்கு பிஸ்கட், மதியத்துக்கு முன் மறுபடியும் பால் என்று போனால், எந்தப் பிள்ளைக்குப் பொரியல் இறங்கும்? இந்த வயதில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டியதில்லை. பால் மிகுந்தால் பசி குறைவதோடு இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் அது வழிவகுக்கும்.

லீன் பர்ச் 1980-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நம் ஊர்ப் பந்தியை நினைவூட்டுவது. ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதை விரும்பி உண்ணும் குழந்தைகளுக்கு நடுவில் சில நாள் உட்காரவைத்தார்கள். அந்தக் குழந்தையும் அதே காயைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. யாரும் ஊட்டவில்லை, கெஞ்சவில்லை. வீட்டில் உப்புமாவைக் கண்டால் ஓடும் பிள்ளை, பள்ளியில் பத்துப் பேரோடு அமர்ந்து அதையே தின்றுவிட்டு வருவதன் இரகசியம் இது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாரோடு பரிமாறப்படுகின்றன. அத்திட்டம் பசியாற்றுவதோடு சேர்த்து உண்ணும் பழக்கத்தையும் கற்றுத்தருகிறது என்று நான் கருதுகிறேன். வீட்டில் ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே உணவை உண்ண முடிந்தால் அதற்கு ஈடான உத்தி வேறில்லை. அப்பா பாகற்காயை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளையைத் தின்னச் சொல்வதில் பொருளில்லை.

கைப்பேசித் திரையைக் காட்டி ஊட்டுவது, மிக்சியில் மறைப்பதன் இன்னொரு வடிவம். அங்கே உணவை மறைக்கிறோம். இங்கே உண்ணும் செயலையே மறைக்கிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை நேரமே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு பரிந்துரை.

யார் மீது பழி?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 57 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. இதற்கு வறுமை, தாயின் உடல்நலம், குடற்புழு எனப் பல காரணங்கள் உண்டு. கிடைக்காததால் உண்ணாத குழந்தையையும், கிடைத்தும் மறுக்கும் குழந்தையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆயினும் இந்த எண்கள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. பிள்ளை கீரையும் பருப்பும் முட்டையும் உண்ணப் பழகுவது தனிப்பட்ட வீட்டின் செல்லச் சிக்கல் அன்று. அது பொது சுகாதாரத்தின் ஒரு பகுதி.

அப்படியிருந்தும் பழி முழுவதும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. விசேஷ வீடுகளில் பிள்ளையைப் பார்த்ததும் “என்ன இப்படி இளைச்சுப்போச்சு?” என்ற கேள்வி, பக்கத்தில் நான் நின்றாலும், என் மனைவியை நோக்கியே வருகிறது. சமைப்பவன் நான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்கும் ஒரு பெண், காயை அரைத்து மாவில் கலந்துவிட்டு நிம்மதி அடைந்தால் அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பதினைந்து முறை பொறுமையாகப் பரிமாறுவதற்கு நேரம் வேண்டும். வீணாகும் உணவைப் பொறுத்துக்கொள்ளும் வசதி வேண்டும். சமையலறையில் இன்னொரு கை வேண்டும். முதலிரண்டும் எல்லோருக்கும் வாய்க்காது. மூன்றாவதைத் தர, அந்த வீட்டு ஆண் மனம்வைத்தால் போதும். வீணாவதைக் குறைக்கவும் வழியுண்டு: புதிய காயை ஒரு தேக்கரண்டிக்கு மேல் வைக்காதீர்கள்.

எல்லா மறுப்பும் இயல்பானதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடை குறைந்துகொண்டே போவது, உயரம் கூடாமல் நிற்பது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, கட்டியுள்ள எந்த உணவுக்கும் ஓங்கரிப்பது, உண்ணும் பண்டங்களின் எண்ணிக்கை மாதாமாதம் சுருங்குவது ஆகியவை குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். உணவைத் தீவிரமாகத் தவிர்ப்பதை ஒரு தனிக் கோளாறாகவே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வகைப்படுத்தியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு உணவின் பதமும் மணமுமே தாங்க முடியாததாக இருக்கும். அவர்களுக்கு மேற்சொன்ன ஏணியை நிபுணர் துணையோடுதான் ஏற வேண்டும். விழுது அவர்களுக்கு நீண்ட காலம் தேவைப்படலாம்.

மற்றப் பிள்ளைகளுக்கு, பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். இன்று மிக்சியில் எதை அரைத்தாலும் அதன் பெயரைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே காயை ஒரு சுற்று குறைத்து அரையுங்கள். அதற்கடுத்த வாரம் இன்னொரு சுற்று. எல்லாக் காய்களையும் உண்ணும் பிள்ளை ஒரு மாதத்தில் உருவாகிவிடாது. ஆனால், தட்டில் இருப்பது என்ன என்று அறிந்து, அதைக் கையால் எடுத்து, மென்று, பிடிக்கவில்லை என்றால் அச்சமின்றிச் சொல்லும் பிள்ளை உருவாகும். அந்தப் பிள்ளையிடம் அதே காயை அடுத்த வாரமும் தயக்கமில்லாமல் பரிமாறலாம்.